எதிராளி பக்கத்தில் நின்றால்தான்

நெடும்பேரியில் பஞ்சாயத்துத் தேர்தல் முடிவு வந்து, உலக்கைக் கட்சி ஜெயித்து, முறக் கட்சி தோற்று, வெடித்த சரவெடியின் காகிதம் தெரு முழுக்கச் சிவப்பாகக் கிடந்த அந்த மறுநாள் காலையில், எலுமிச்சங்காய் ஏலக்கொட்டகையில் சண்முகவடிவு வழக்கம்போலக் காயைக் குவிக்கச் சொல்லி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் குவியலுக்கு விலை கூற வாயைத் திறந்தாள். மூச்சு வந்தது, குரல் வரவில்லை. முந்தின நாள் போட்ட கோஷத்தில் தொண்டை கட்டியிருக்கும் என்று வெந்நீர் வாங்கிக் குடித்துப் பார்த்தாள், அப்போதும் இல்லை. சுற்றிலும் பார்த்தால் மூட்டை தூக்குகிறவர், எடை போடுகிறவர், தோட்டத்திலிருந்து காய் கொண்டுவந்த சம்சாரி என்று எல்லோரும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரிடமிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. வெளியூரிலிருந்து லாரியோடு வந்திருந்த வியாபாரிகள் மட்டும், ஏலம் உண்டா இல்லையா என்று நன்றாகவே சத்தம் போட்டுக் கேட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கோயில்பிச்சை அந்த வழியாகப் போனார். அவர் முறக் கட்சிக்காரர், பக்கத்துக் கொட்டகையில் ஏலம் கூறுகிறவர், வடிவின் காலமான வீட்டுக்காரர் சங்கரபாண்டிக்குச் சித்தப்பா மகன், அப்படிப் பார்த்தால் வடிவுக்குக் கொழுந்தன் முறை, அவருக்கு அவள் மைனி. ஆனால் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. தோற்ற முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் கொட்டகை வாசலைக் கடந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, வடிவின் தொண்டையில் அடைபட்டுக் கிடந்த விலை கூரைத் தகரம் அதிர வெளியே வந்தது; அவர் கடந்து போனதும் நின்றுவிட்டது. போன மனிதர் தன் கொட்டகையில் ஏறி நின்று வாயைத் திறந்தார். அவருக்கும் மூச்சுதான் வந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டது. உலக்கைக்காரர் பேச வேண்டுமானால் பக்கத்தில் ஒரு முறக்காரர் நிற்க வேண்டும், முறக்காரர் பேச வேண்டுமானால் ஒரு உலக்கைக்காரர் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். போனில் இருந்தால் போதாது, ஆளாக வந்து நிற்க வேண்டும். ஓட்டில்லாத பிள்ளைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு குறையும் இல்லை, அவர்கள் பக்கத்தில் நின்றாலும் ஒரு பயனும் இல்லை. எந்தக் கட்சியும் சேராத ஆள் என்று நெடும்பேரியில் தேடினாலும் கிடைக்காது. கோயில் பூசாரியிலிருந்து சவரக்கடைக்காரர் வரை யார் யார் எந்தப் பக்கம் என்று நாய்க்குக்கூடத் தெரியும். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அம்மன் கோபம் என்றார்கள், தேர்தல் நேரத்தில் இரண்டு பக்கமும் விடிய விடிய அலறவிட்ட குழாய் ஸ்பீக்கரால் வந்த வினை என்றார்கள், டவுனிலிருந்து வந்த தொண்டை டாக்டர் எல்லோரையும் ஆ காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். பிறகு ஊர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்த்தது.

பிழைப்பைப் பார்க்க வேண்டுமானால் எதிராளி வேண்டும். ஆகவே உலக்கைக்காரர் டீக்கடை, முறக்காரர் டீக்கடை என்று எதிரும் புதிருமாக இருந்த இரண்டு கடையிலும், ஒரு டீ என்று கேட்பதற்கே அந்தப் பக்கத்து ஆளை இந்தப் பக்கம் கூட்டிவர வேண்டியிருந்தது, கூட்டிவந்தவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு ஒரு எதிர்க்கட்சிக்காரரையும் அழைத்துக்கொண்டு போனார்கள், பூசாரி மந்திரம் சொல்ல உலக்கைக்காரர் ஒருவர் கர்ப்பகிருக வாசலில் கைகட்டி நின்றார், வருஷக்கணக்காக எதிர்த்தரப்பு புறக்கணித்துவந்த பஞ்சாயத்துக் கூட்டத்துக்குத் தலைவர் தளவாய் தானே வீடு வீடாகப் போய் முறக் கட்சி மெம்பர்களைக் கும்பிட்டுக் கூப்பிட்டார், அவர்கள் வராவிட்டால் அவரால் வணக்கம்கூடச் சொல்ல முடியாது. ஒருவனை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்றாலும் அவனோ அவன் கட்சிக்காரனோ பக்கத்தில் நின்றாக வேண்டும் என்று ஆகிவிட்டதால், பாதித் திட்டு தொண்டையிலேயே ஆறிப்போனது. சில வீடுகளில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் முதல் நாளிலிருந்தே ஜோராகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு ஆண்கள் முதலில் சந்தோஷப்பட்டு, பிறகு யோசித்து, இத்தனை வருஷமாகத் தன் வீட்டுக்காரி எந்தச் சின்னத்தில் குத்திவந்திருக்கிறாள் என்று விளங்கியதும் வாயடைத்துப் போனார்கள். அது வேறு மாதிரியான ஊமைத்தனம், அதற்கு யாரும் மருந்து தேடவில்லை.

வடிவுக்கு ஏலம்தான் சோறு. விடியற்காலையில் கைவேலையை விட்டுவிட்டு அவள் கொட்டகையில் வந்து நிற்கக்கூடிய முறக்காரர் கோயில்பிச்சை ஒருவர்தான், அவருக்கும் அப்படி வந்து நிற்க வடிவை விட்டால் உலக்கைக்காரர் இல்லை. இரண்டு நாள் காய் குவியலாகக் கிடந்து வாடிய பிறகு, மூன்றாம் நாள் அவரே வந்து கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைப் பார்க்காமல், எவ்வளவு நேரம் நிப்பீரு என்று கேட்டாள். மூன்றாம் நாள்தான் அவள் குரல் திரும்பவும் அவளுக்கே கேட்டது.

"நீங்க எனக்கு நிக்கிற நேரம் நான் உங்களுக்கு நிக்கேன் மைனி," என்றார் கோயில்பிச்சை.

அப்படித்தான் தொடங்கியது. அவள் கொட்டகையில் ஏலம் முடிகிற வரை அவர் தூணோடு நிற்பார், பிறகு இருவரும் பக்கத்துக் கொட்டகைக்குப் போவார்கள், அவர் கூறுவார், அவள் நிற்பாள். ஒரு நாள் அவர் நின்றபடியே போனை நோண்டிக்கொண்டிருக்க, ஏறிக்கொண்டிருந்த விலை பாதியில் தேய்ந்து அவள் வாயில் காற்றாகிவிட்டது. கையைத் தட்டி அவரை நிமிர வைத்ததும் திரும்ப வந்தது. ஆள் நின்றால் மட்டும் போதாது, காது கொடுத்தால்தான் குரல் என்பதை ஊரில் முதலில் கண்டுபிடித்தது அவர்கள் இருவரும்தான். அதற்குப் பிறகு அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

அவள் மனதில் இருந்தது சின்னக் கோபம் இல்லை. சங்கரபாண்டி உலக்கைக் கட்சியின் கிளைச் செயலாளர், எந்த மேடை என்றாலும் கடைசிப் பேச்சு அவருடையது. அவர் தலைவர் தேர்தலுக்கு நின்று தோற்றபோது முறக் கட்சிக்காரர்கள் அவர் வீட்டு வாசலிலேயே வெடி போட்டார்கள். அடுத்த மழைக்கு முன் அவர் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். வெடிக்கும் காமாலைக்கும் சம்பந்தம் இல்லை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்து என்ன செய்ய? மாலையோடு வந்த கோயில்பிச்சையை வாசலிலேயே கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள். அவர் அந்த மாலையை என்ன செய்தார் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

இப்போது குரல் இருந்தும் அவளுக்குச் சங்கரபாண்டியைப் பற்றிப் பேச வேறு ஆள் இல்லை. அவரோடு கொடி பிடித்தவர்கள் எல்லோரும் உலக்கைக்காரர்கள், அவள் முன்னால் அவர்களும் ஊமை, அவர்கள் முன்னால் அவளும் ஊமை. ஒரு நாள் ஏலம் முடிந்து சாக்கை உதறிக்கொண்டிருந்தபோது, அவள் கேட்காமலே கோயில்பிச்சை சங்கரபாண்டி பேச்சை எடுத்தார். பொய் சொல்லப் போகிறார் என்றால் அண்ணாச்சி முதலில் மூக்கைச் சொறிவார் என்றார். வடிவு சிரித்துவிட்டாள், வீட்டிலும் அப்படித்தான். பிறகு அவர் வருஷத்தையும் இடத்தையும் சொல்லிச் சொல்லி, சங்கரபாண்டி பேசிய கூட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். எந்த மேடையில் மைக் அணைந்து போய் வெறும் தொண்டையில் பேசினார், எந்த மேடையில் மழையில் நனைந்துகொண்டு பேசினார், எந்த ஊரில் பேச வேண்டியதை மறந்து வெண்டைக்காய் விலையைப் பேசிச் சமாளித்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. இவ்வளவும் உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"உலக்கைக்காரன் எவனும் அண்ணாச்சி பேச்சைக் கேட்டதில்ல மைனி. கையத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிருவானுவ. மறுநாளு நான்லா பதில் பேசணும், அதனால ஒரு வார்த்த விடாமக் கேட்டுக்கிட்டு நிப்பேன்."

கடைசிக் கூட்டத்தில் என்ன பேசினார் என்று வடிவு கேட்டாள். அந்தக் கூட்டத்துக்கு அவள் போகவில்லை, கஞ்சி காய்ச்சிக்கொண்டு வீட்டில் இருந்தாள். கோயில்பிச்சை சொன்னார்: எந்த முடிவானாலும் என் வீட்டுக்காரி ஏலம் கூறுகிற மாதிரி மூன்று தரம் கேட்டுவிட்டு முடியுங்கள், ஒரு தரம் கேட்டு முடித்தால் அது ஏலமும் இல்லை ஊராட்சியும் இல்லை என்று பேசினாராம். மறுநாள் முறக் கட்சி மேடையில் ஏறி, பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஊரை ஆளப் பார்க்கிறார் என்று கேலி செய்தது தான்தான் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். வடிவு சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஊரில் ஒரு வாய் அதை அவளிடம் சொன்னதில்லை. தன் புருஷன் தன்னை மேடையில் சொன்ன வார்த்தையை, அவரை எதிர்த்தவர் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தாரே என்று அவளுக்கு அவர் மேல் நன்றி பொங்கியது. மறுநாளிலிருந்து அவருக்கும் சேர்த்துக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் குளத்துக்கு மேலே இருக்கிற மொட்டைமலையை உடைத்துக் கல் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. மலை போனால் குளத்துக்கு ஓடைத் தண்ணீர் வராது, கல்தூசி விழுந்தால் எலுமிச்சைப் பூ நிற்காது, காய் இல்லாவிட்டால் இரண்டு கொட்டகைக்கும் வேலை இல்லை. அதிகாரிகள் வந்து கருத்துக் கேட்கப் போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். இங்கேதான் நெடும்பேரிக்காரர்கள் தங்களுக்கே உரிய காரியம் ஒன்றைச் செய்தார்கள். இத்தனை மாதம் எதிராளியோடு டீ குடித்து, எதிராளியோடு கல்யாணத்துக்குப் போய், எதிராளி தயவில் பேசிப் பழகியதில் ஒருவர் மேல் ஒருவருக்குப் பாசம் முற்றிப்போயிருந்தது. இத்தனை நல்லவர்களோடு இனிமேலும் நமக்கு ஏன் இரண்டு கட்சி என்று முறக்காரர்கள் உருகினார்கள். ஊர் முழுக்க ஒரே கட்சியானால் மேலிடத்தில் நம் சொல் எடுபடும், கம்பெனி ஓடிவிடும் என்று தளவாய் சொன்னார், அவரும் அதை நம்பித்தான் சொன்னார்.

பந்தல் போட்டு இணைப்பு விழா நடந்தது. கோயில்பிச்சைக்குப் போட வடிவு பெட்டியைத் திறந்து சங்கரபாண்டியின் உலக்கைக் கரைத் துண்டையே எடுத்துக்கொண்டு போனாள். அண்ணாச்சி கட்சிதானே மைனி, எனக்குப் பூரண சம்மதம் என்று சொல்லி அவர் குனிந்து அதைக் கழுத்தில் வாங்கினார், இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. முறக்காரர்கள் வரிசையாக ஏறித் துண்டு வாங்கினார்கள், தளவாய் மைக்கைப் பிடித்து ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வரவேற்றார், கடைசி ஆளும் மனசாரத் துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்சி வாழ்க என்று கையை உயர்த்தியபோது, கூட்டம் முழுக்க வாயைத் திறந்தது, பந்தலில் கட்டியிருந்த காகிதத் தோரணம் காற்றில் படபடப்பது மட்டும் கேட்டது.

பழைய துண்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முறக்காரராக நடித்துப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. சும்மா சண்டை போட்டுப் பார்த்தார்கள், சிரிப்புத்தான் வந்தது, அதுவும் சத்தமில்லாமல். ஊர் மொத்தமும் ஒருவரை ஒருவர் கும்பிட்டுக்கொண்டு, கையால் ஜாடை காட்டிக்கொண்டு, அன்பாகவும் ஊமையாகவும் திரிந்தது. ஏலம் நின்றது. கொட்டகையில் காய் மஞ்சளாகப் பழுத்து வாசம் அடித்தது.

கருத்துக்கேட்பு நாள் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மேடையில் அதிகாரி, அவருக்கு இந்தப் பக்கம் தளவாய், அந்தப் பக்கம் கம்பெனி ஆட்கள். கம்பெனி ஆட்கள் வெளியூர், ஆகவே மணி மணியாகப் பேசினார்கள். ஊர்க்காரர்கள் எழுதிக் கொண்டுவந்த மனுக்களை அதிகாரி வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டு, ஓட்டுள்ளவர்கள் மைக்கில் வந்து சொல்வதுதான் பதிவாகும், வீடியோ எடுக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். பலர் வரவில்லை, வந்தவர்களும் வாயைத் திறந்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை, வெயிலில் வந்த மனிதர். அப்படியானால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா என்று தளவாயிடம் கேட்டார். தளவாய் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மேலிடத்திலிருந்து காலையில் வந்த போனை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மெல்லத் தலையை ஆட்டினார்.

முப்பது வருஷம் கூவிய வடிவின் தொண்டை, தேவைப்படுகிற ஒரு நாளில் வெறும் குழாயாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோயில்பிச்சை, ஆட்டிய அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்திலிருந்த துண்டை எடுத்தார். அவசரமில்லாமல் மடித்தார். அண்ணன் துண்டு என்பதால் இரண்டு கையாலும் ஏந்தி அவள் மடியில் வைத்தார். ஒரு வாரத்துக்குள் கட்சி மாறித் திரும்பவும் மாறியவன் என்று ஊர் அவரை எவ்வளவு காலத்துக்குச் சிரிக்கும் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் ஏதோ கேட்க நினைத்துத் தொண்டையைச் செருமினாள். செருமல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி இருந்தா இப்படித் தலையாட்டியிருக்க மாட்டாரு மைனி," என்றார் கோயில்பிச்சை. "இந்தக் கட்சி எனக்கு வேண்டாம். நீங்க பேசுங்க, நான் கேக்கேன்."

வடிவு எழுந்தாள். மைக்குக்குப் போகவில்லை, அவளுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

"ஐயா, ஒரு தரம் கேட்டு முடிக்கிறது எங்க ஊருல ஏலத்துல கூடக் கிடையாது. இன்னும் ரெண்டு தரம் இருக்கு. மொட்டைமலையில கை வைக்கக்கூடாது, எனக்கு ஆட்சேபணை. எழுதிக்கிடுங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். வடிவு மலையை, ஓடையை, குளத்தை, பூவை எல்லாம் சொன்னாள். இந்தச் சுற்று வட்டாரத்தில் எங்கேயும் எவனும் கல் உடைக்கவே கூடாது என்று முடித்தாள். உடனே கோயில்பிச்சை எழுந்து, அது மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை என்றார். மொட்டைமலையைத் தொடக்கூடாது, அதில் மாற்றமில்லை. ஆனால் தெற்கே பொட்டல்காடு இருக்கிறது, நம் பிள்ளைகள் வேலை தேடி ஊர் ஊராக அலைகிறார்கள், அங்கே என்றால் யோசிக்கலாம், மைனி சொல்வது தப்பு என்றார். வடிவு விடவில்லை. அவரும் விடவில்லை. அவர்கள் மாறி மாறிப் பேசப் பேச, பின்வரிசையில் ஒரு பெண் பிச்சையண்ணன் சொல்வதுதான் சரி என்றாள், அவள் குரல் கேட்டு அவள் புருஷன் இல்லவே இல்லை என்று எழுந்தான், அவனுக்கும் குரல் வந்தது, அப்படியே வரிசை வரிசையாக ஊர் இரண்டாகப் பிரிந்து வாய் திறந்தது. தளவாய்க்கும் குரல் வந்தது. அவர் முதலில் சொன்னது, ஐயா நான் தலையாட்டினதை அழித்துவிடுங்கள் என்பது. பொழுது சாய்கிற வரை அதிகாரி எழுதினார், பேனா தீர்ந்து கம்பெனி ஆளிடமே பேனா வாங்கி எழுதினார். எல்லோரும் எல்லாவற்றிலும் முரண்பட்டார்கள், மலையைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் ஒருவரும் முரண்படவில்லை. கோப்பு திரும்பிப் போனது. மலை அங்கேயே நிற்கிறது.

கூட்டம் கலைந்தபோது வடிவு அந்தத் துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கோயில்பிச்சை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வாசலில் திருப்பி அனுப்பினேனே, அந்த மாலையை என்ன செய்தீர் என்று கேட்டாள். குளத்துப் படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, பிறகு தண்ணீரில் விட்டேன் என்றார் அவர்.

"நீரு இல்லைன்னா எனக்குக் குரலே இல்ல கொழுந்தனாரே," என்றாள் வடிவு. "நல்லா இருக்கணும் நீரு. உம்ம கட்சியும் இருக்கணும்."

அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே, அடுத்த தேர்தலில் உங்களைத் தோற்கடிக்கத்தான் போகிறோம் என்றார். தோற்கடியும், பார்ப்போம் என்றாள் அவள்.

அதற்குப் பிறகு ஒரு தேர்தல் வந்து போயிற்று. வாக்குப்பதிவு அன்று காலையில் வடிவு அம்மன் கோயிலில் இரண்டு தேங்காய் உடைத்தாள், ஒன்று உலக்கை ஜெயிப்பதற்கு, இன்னொன்று முறம் அழிந்துபோகாமல் இருப்பதற்கு. பூசாரி எதுவும் கேட்கவில்லை, அன்றைக்கு அவளுக்கு முன்னால் வந்தவர்களும் இரண்டிரண்டுதான் உடைத்திருந்தார்கள்.

குரல் விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா, எப்போதோ சரியாகிவிட்டதா என்று நெடும்பேரியில் கேட்டால் யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் எதிராளி இல்லாமல் பேசிப் பார்க்க வேண்டும், அப்படி ஒருவரும் பேசிப் பார்க்கவில்லை. போன வாரம் ஒரு நாள் கோயில்பிச்சைக்கு வரத் தாமதமாகிவிட்டது. குவியல் தயாராக இருந்தது, வியாபாரிகள் சுற்றி நின்றார்கள், வடிவு முந்தானையைச் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள். முதல் விலை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கேட்டிருக்கும் என்றே அவளுக்குத் தோன்றியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். தூக்கைத் திறந்து காப்பி சூடு ஆறவில்லையே என்று தொட்டுப் பார்த்துவிட்டு, கொழுந்தனார் வரட்டும் என்று வியாபாரிகளுக்குக் கையைக் காட்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.